வெதுவெதுப்பான ஊர்

ஜூலை 6, ஞாயிறு

இன்றும் சாயப்பட்டறையில் ஷிப்ட். கறுப்புத் துணி அவசரம். சர்ச்சுக்குப் போகவில்லை.

ஜூலை 7

சபைச் செயலாளர் டேனியல் அண்ணன் நேற்று ஆராதனையில், தொடர்ந்து வராதவர்கள் பெயரை வாசித்தாராம். அடுத்த வீட்டு ஜெயசுதா வந்து சொன்னாள். என் பெயர் வந்ததும், "பிரியங்கா ஒரு லவோதிசியன்" என்று இங்கிலீஷில் சொல்ல, எல்லோரும் சிரித்தார்களாம். மூன்று மாதம் வராதவர்களை அங்கத்தினர் பட்டியலிலிருந்து எடுக்கப் போகிறார்கள். எங்கள் பட்டறையில் மட்டும் பதினோரு பேர்.

எனக்குப் பக்தி இல்லையா? சாய மிஷின் முன்னால் நின்னு நான் ஜெபிக்கறது இவருக்குத் தெரியுமா? பத்திக்கிட்டு வருது.

ஜூலை 9

அகராதியில் தேடினேன். மத விஷயத்தில் அக்கறையில்லாதவர் என்று பொருள். லவோதிக்கேயா என்ற பழைய ஊரின் பெயரிலிருந்து வந்த சொல். அந்த ஊர்ச் சபை சூடும் இல்லை, குளிரும் இல்லை, வெதுவெதுப்பு என்று வேதத்தில் கண்டித்ததால் ஊர்ப்பெயரே வசையாகிவிட்டது. ஊருக்கு அந்தப் பெயர் லவோதிக்கே என்ற ராணியால் வந்ததாம். மனைவி பெயரை ஊருக்கு வைத்த ராஜாவே பிறகு அவளைத் தள்ளிவைத்துவிட்டான். அடப்பாவி!

இன்னொன்று. அந்த ஊர் எதற்குப் பேர்போனது? கறுப்புக் கம்பளித் துணிக்கு! வாய்விட்டுச் சிரித்தேன். நம்ம ஊரேதான்.

ஜூலை 20, ஞாயிறு

லீவு போட்டுவிட்டுச் சபைக் கூட்டத்துக்குப் போனேன். பட்டியல் பேச்சு வந்தது. எழுந்துவிட்டேன்.

"அண்ணா, நீங்க சொன்ன லவோதிக்கேயா துணி ஊருங்க. எங்க மிஷின்ல தண்ணி வெதுவெதுன்னு இருந்தா கறுப்பு ஏறாதுங்க. அதுக்குன்னு கொட்டிப்புடறமா? ஸ்டீம் வால்வைத் தொறந்து அறுபது டிகிரிக்குக் கொண்டாரோம். எங்க பேரை அடிக்காதீங்க. ஷிப்ட் முடிஞ்சு வர்றாப்புல சாயங்காலம் ஒரு ஆராதனை வையுங்க."

ஜெயசுதா கைதட்டினாள். சபை ஆயர், சம்மதிப்பவர்களைக் கை தூக்கச் சொன்னார். எண்ண வேண்டிய தேவையே இல்லை. ஜெயிச்சுட்டேன்!

ஜூலை 21

டேனியல் அண்ணன் கடைவீதியில் என்னைப் பார்த்துவிட்டு வண்டியைத் திருப்பிக்கொண்டு போனார். போகட்டும்.

ஆகஸ்ட் 3, ஞாயிறு

முதல் மாலை ஆராதனை. நகக்கண்ணில் சாயத்தோடு நாற்பத்தாறு பேர். பதினோரு பேரும் வந்திருந்தார்கள்.

டேனியல் அண்ணன் வாசலிலேயே நின்றார். "வாங்க பிரியங்கா. இன்னிக்கு வேதபாடம் நீங்க வாசிக்கோணும்."

"எந்தப் பகுதிங்கண்ணா?"

அவர் தரையைப் பார்த்தார். "லவோதிக்கேயா சபைக்கு எழுதுனதுங்க."

கடைசி பெஞ்சு வரைக்கும் கேட்கிற மாதிரி வாசித்தேன்.