அப்பா அடித்த சாம்பல் நிறம்

கருங்குழி,
ஞாயிற்றுக்கிழமை.

அன்பு மகள் ஜெபாவுக்கு அம்மா எழுதிக்கொள்வது. கர்த்தர் கிருபையால் இங்கே எல்லோரும் சுகம், உன் அப்பாவின் மனசைத் தவிர. மெல்போர்னில் குளிர் எப்படி, வேளைக்குச் சாப்பிடுகிறாயா? போனில் பேசினால் அப்பா பக்கத்திலேயே நிற்கிறார், அதனால்தான் இதை எழுதி உன் சிநேகிதன் இனியன் பையில் வைக்கிறேன். அவன் கொண்டு வரும் அட்டைப்பெட்டியைத் திறக்கும் முன்னால் படித்துவிடு.

கண்காட்சிக்கு வேண்டுமென்று நீ கேட்ட விண்வெளிக் கப்பலை (பொம்மை என்றால் கோபித்துக்கொள்வாய், மாடல் என்றே சொல்கிறேன்) துடைத்து வைக்கலாமென்று அப்பா எடுத்தார். அதன் உடம்பெல்லாம் கட்டம் கட்டமாக இருக்கிறதே, அதில் கட்டத்துக்குக் கட்டம் சாம்பல் நிறம் கொஞ்சம் கொஞ்சம் மாறியிருந்தது. நீ ஒவ்வொரு கட்டமாக டேப் ஒட்டி, ஒரு சொட்டு கூட்டி ஒரு சொட்டு குறைத்து வேண்டுமென்றே அப்படி அடித்திருந்தாய் என்று அவருக்கு எப்படித் தெரியும்? மறைமலைநகர் கம்பெனியில் கார் பம்பருக்குப் பெயிண்ட் அடித்தே ரிட்டயர் ஆன மனுஷன். அங்கே நிறம் மயிரிழை மாறினாலும் திருப்பி அனுப்பிவிடுவார்கள். "இன்னா சாராளு, பொண்ணு கப்பல் வெயில்ல வெளுத்துப் பூட்டுது, அப்பிடியேவா அனுப்புறது?" என்று கேட்டுவிட்டு, மொட்டைமாடியில் வைத்து ஒரே நிறமாக அடித்து, மேலே வார்னிஷும் ஏற்றிவிட்டார். நானும் புது எவர்சில்வர் குடம் மாதிரி இருக்கிறதென்று மெச்சினேன். பெட்டி எடுக்க வந்த இனியன்தான் தலையில் கை வைத்தான். "அங்கிள், அதான் அவ வேலையே. கிட்ட வந்து பாத்தாதான் தெரியணும்னு அடிச்சிருந்தா" என்று அவன் சொன்னதும் அப்பா அப்படியே உட்கார்ந்துவிட்டார். அன்றைக்கு அவருக்குச் சோறு இறங்கவில்லை.

இனியன் புறப்பட இன்னும் கொஞ்ச நாள் இருந்தது. அப்பா வார்னிஷைத் தேய்த்து எடுத்துவிட்டு, நீ முன்னே எடுத்த கப்பல் படத்தைப் பார்த்துப் பார்த்துத் திரும்ப அடிக்க ஆரம்பித்தார். பாவம், கை வர வேண்டுமே! வேறு வேறாகக் கலக்குவார், அடித்து முடித்தால் எல்லாம் ஒன்றுபோலவே நிற்கும். மாமல்லபுரத்தில் என் சிநேகிதி தெய்வநாயகி மகள் கல்யாணத்துக்குப் போனால், பந்தியை விட்டுவிட்டுக் கடற்கரையில் ஃபைபர் படகுகள் முன்னால் போய் நின்றுகொண்டார். ஒட்டுப்போட்ட இடமெல்லாம் ஒவ்வொரு விதமான வெள்ளையாம். அதைத் தடவிக்கொண்டே நின்றவரை "இன்னா நைனா, படகு வாங்க வந்துகீறியா?" என்று மீனவர் ஒருவர் கேட்டிருக்கிறார். எனக்குச் சிரிப்பும் வந்தது, அழுகையும் வந்தது. வீட்டுக்கு வந்ததும் வேட்டியைக்கூட மாற்றாமல் மறுபடி கப்பலோடு உட்கார்ந்தார். இப்போது வெளிச்சத்தில் சாய்த்துப் பிடித்தால் கட்டங்கள் தெரிகின்றன, நேராகப் பார்த்தால் தெரியவில்லை. நீ செய்ததுபோல் வந்திருக்கிறதா என்று எனக்குச் சொல்லத் தெரியாது.

இனியனிடம் முருங்கைக்கீரைப் பொடி கொடுத்திருக்கிறேன், பூசணம் பிடிக்கவிடாமல் சாப்பிடு. குளிரில் காதை மூடாமல் வெளியே போகாதே. ஆண்டவர் உன்னைக் கண்மணிபோல் காப்பார்.

அம்மா கேட்பது ஒன்றுதான், தட்டாதே. பெட்டியைப் பிரித்ததும் என்னைக் கூப்பிடாதே, அப்பாவைக் கூப்பிடு. கோபம் வந்தால் திட்டு, அழுகை வந்தால் அழு. எந்தக் கட்டம் தப்பு, எங்கே நிறம் கூடிப்போயிற்று என்று ஒன்றுவிடாமல் சொல், கேட்டுக்கொள்வார். நீ அவர் மனசு நோகக்கூடாதென்று "பரவாயில்லப்பா" என்று சொல்லி, கப்பலை அப்படியே பெட்டியில் வைத்து மூடிவிடுவாய் என்றுதான் அவருக்குப் பயம். அந்த ஒரு வார்த்தையை மட்டும் சொல்லிவிடாதே.

உன் அம்மா,
சாராள் ஏசுபாதம்