மடை திறந்த மூணடிக் குழி

என் உசிருக்கு உசிரான மச்சான் வீராசாமிக்கு,

நீ எங்களை விட்டுட்டுக் கண்ணை மூடி ரெண்டு கரும்பு வெட்டு முடிஞ்சுது. உன் வீட்டுக்காரி, என் தங்கச்சி, சுகம். பிள்ளைங்க தமிழை விட்டுட்டு இந்தியிலேயே வாயாடுதுங்க. எனக்குத்தான் மூணு நாளா சோறு இறங்கலே. காரணம் நீ போட்ட அந்தக் குழி.

சபேட்டோவிலே துரைமாரோட கோல்ஃப் மைதானத்துல நாம புல்லு வெட்டினோமே, அங்கே ஓடைக்கு அந்தப் பக்கம் உன்னைப் போடச் சொன்ன மேடு. ஒரே அடியில பந்தை மேட்டுல ஏத்தணும், ரெண்டு தட்டுல குழியில தள்ளணும். மொத்தம் மூணடி, அதான் மூணடிக் குழின்னு பேரு. நீ நெல்லு வயல்காரன், பழக்கதோஷத்துல மேட்டைச் சுத்தி வரப்பு கட்டிட்டே. முதல் மழைக்கே நாத்து நடலாம் போல தண்ணி நின்னுது. துரை கத்தின கத்துல சபேட்டோ பள்ளத்தாக்கு முழுக்க நாய் குலைச்சுது. நீ மண்வெட்டியை எடுத்து ஓடைப் பக்கம் ஒரு மடை திறந்தே.

தண்ணி போச்சு. அப்புறம் பந்தும் போச்சு! சோம்பலா அடிச்ச பந்தெல்லாம் மடை வழியா உருண்டு ஓடையில விழுந்துது. பெரிய துரை அங்கே நூறு பந்து தொலைச்சார். சரி, உன்கிட்ட எதுக்குப் பொய், பதினொண்ணு. ஒல்லிக் குமாஸ்தா ஒருத்தர் அவரை அங்கேதான் ஜெயிச்சார். நீளக் குழியில முதல் அடி கோணினா அடுத்த அடியில நிமித்திக்கலாம். இதுல அதுக்கு ஏது வழி? அதனாலதான் மத்த எட்டுக் குழியையும் மறந்துட்டு, இந்த ஒண்ணைப் பேசிக்கிட்டே எல்லாரும் வீட்டுக்குப் போனாங்க.

போன வாரம் தலைநகர் சுவாவிலேருந்து புதுத் துரை வந்து, "இது யார் போட்டது?"ன்னார். என் வாய் சும்மா இருக்குமா? "நான்தான் சார், எல்லாம் யோசிச்சுத்தான்"னுட்டேன்.

கையைக் குலுக்கினார். "மைதானத்தைப் பெரிசு பண்றோம். இதுபோல இன்னும் மூணு குட்டைக் குழி வேணும். திங்கட்கிழமை இடத்தைக் காட்டு."

மச்சான், நான் எங்கே போவேன்? ஒண்ணு காத்துக்கு எதிரா இருக்கணும், ஒண்ணு காத்தோட போகணும், எல்லாம் ஒரே திசையைப் பார்த்தா ஆடுறவன் தூங்கிருவான். அதுவரைக்கும் தெரியுது. எல்லாத்துலயும் மடை வெட்டினா ஒரே குழியை நாலு தரம் ஆடின மாதிரி ஆயிடாதா? வெட்டாம விட்டா அதுல என்ன உசிரு இருக்கும்? நீயா இருந்தா மண்ணைக் கையில அள்ளிப் பார்த்துட்டு ஒரு 'ம்' போடுவே. அந்த 'ம்' எனக்கு வரமாட்டேங்குதே.

தங்கச்சிகிட்ட சொன்னேன். நங்கோனா வேர்த்தூளைக் குடிக்கத் தண்ணியில பிழிஞ்சுக்கிட்டே நிமிராம சொன்னா: "நல்லா மாட்டினியா அண்ணே? அவர் மண்வெட்டி மூலையிலதான் இருக்கு, எடுத்துட்டுப் போ. ஆனா யாரோடதுன்னு சொல்லிட்டு எடு."

அதான் இந்தக் கடிதத்தை நம்ம தமிழ்ச் சங்கத்து மலர்ல போடச் சொல்லிக் குடுத்துட்டேன். ஊரே படிக்கட்டும். துரைக்குத் தமிழ் தெரியாது. அவர்கிட்ட என் வாயாலேயேதான் சொல்லணும். திங்கட்கிழமை உன் மண்வெட்டியை மேட்டுல ஊணி, முதல் வார்த்தையா உன் பேரைச் சொல்லுவேன். வேலை போனாலும் போகட்டும். சத்தியம். ரெண்டாவது வார்த்தைக்கு விட்டா, என்னை எனக்குத் தெரியும், வேற ஏதாவது சொல்லிருவேன்.

உன் பொண்டாட்டியோட அண்ணன்,
உன் மண்வெட்டியைச் சொல்லிட்டு எடுத்த மச்சான்,
முனுசாமி