வாங்குக்கு இருபது நிமிடம்

மார்ச் 5, புதன். நோன்பு நான்கு.
பள்ளிக்கூடம் நோன்பு விடுமுறை. தரம் எட்டுக்கு இரத்தச் சுற்றோட்டம் படிப்பிக்கிறவள் நான். வீட்டிலிருக்கும் ஒரு மனிதருக்குப் படிப்பிக்க முடியவில்லை. இன்று நோன்பு திறந்த பிறகு இவருடைய விரலில் குத்தி இரத்தத்தில் சீனி பார்த்தேன். முந்நூற்றுப் பன்னிரண்டு! பகலெல்லாம் பட்டினி கிடந்தவருக்கு இவ்வளவு சீனி எங்கிருந்து வந்தது?

மார்ச் 6, வியாழன்.
எங்கிருந்தென்று தெரிந்துவிட்டது. என் கையிலிருந்துதான். ஒரே இருப்பில் ஏழு பேரீச்சம்பழம். நோன்பு திறக்கிற பழம், அதிலுள்ள இனிப்பு சீனி வருத்தக்காரரை ஒன்றும் செய்யாது என்று நானே நம்பித் தட்டில் வைத்தேன். கிளினிக் தாதி தர்சினியிடம் போனில் கேட்டேன். காரைதீவுக்காரி, என்னிடம் படித்தவள். “டீச்சர், பழத்தில இருந்தாலும் சீனி சீனிதானே,” என்று சிரித்தாள். விஞ்ஞான ஆசிரியையாம்! வெட்கமாக இருக்கிறது.

மார்ச் 8, சனி.
அந்த முந்நூற்றுப் பன்னிரண்டைப் பார்த்துப் பயந்துவிட்டார். விடியுமுன் சஹர் சாப்பாட்டோடு, காலை இரவு இரண்டு நேரச் சீனிக் குளிசையையும் ஒன்றாக விழுங்குகிறார்.

“பகலைக்குத்தான் நான் வேல செய்யிற. மருந்தும் பகலைக்குத்தான் வேல செய்யோணும்.”

பகலில் வயிற்றில் ஒன்றுமில்லை, சீனி கீழே விழுந்துவிடும் என்றேன். “அத உன்ட ஸ்கூல் புள்ளைகளுக்குச் சொல்லு.”

பேரீச்சம்பழத்தைக் கொடுத்தவள் நான். எந்த வாயால் சண்டை பிடிப்பது?

மார்ச் 9, ஞாயிறு.
ரோட்டில் நெல் காயப்போட்டுவிட்டுப் பின்நேரம், அஸர் தொழுகைக்குப் பிறகு வந்தார். சேர்ட் பிழிய நனைந்திருந்தது. கை நடுங்கியது. குத்திப் பார்ப்போம் என்றேன். விரலை மடக்கிக்கொண்டார்.

“ரத்தம் வந்தா நோன்பு முறிஞ்சிரும். இது உடம்பில இரிக்கிற நஞ்சு வெளியாகிற. வீடியோவில தெளிவா சொல்றாங்க.”

நஞ்சாம்! யாரோ ஒருவன் போனுக்குள் இருந்து கத்தினால் வேதவாக்கு. இருபத்தெட்டு வருசம் கூட வாழ்கிறவள் சொன்னால் புலம்பல்.

மார்ச் 10, திங்கள்.
ஜெஸீம் மௌலவிக்குப் போன் எடுத்து, இவருக்கும் கேட்கும்படி சத்தத்தைக் கூட்டி வைத்தேன். விரலில் குத்தினால் நோன்பு முறியாது, உயிருக்கு ஆபத்தென்றால் நோன்பை விட்டே ஆக வேண்டும் என்றார் மௌலவி. இவர் கடைசிவரை கேட்டார். பிறகு சொன்னார்: “முப்பத்தாறு வருசமா ஒரு நோன்பு உட்டதில்ல. இந்த மீராசாஹிபுக்கு ஆரும் நோன்பு படிப்பிக்கத் தேவல்ல.”

மார்ச் 11, செவ்வாய்.
ஒரு குளிசையை ஒளித்து வைத்தேன். கண்டுபிடித்துவிட்டார்.

மார்ச் 12, புதன்.
இன்றும் நடுக்கம். நேற்றையதைவிடக் கூடுதல். யா அல்லாஹ், நான் என்ன செய்ய?

மார்ச் 14, வெள்ளி. ஆசுபத்திரி.
இப்போதுதான் எழுத உட்கார்ந்தேன். நேற்றுப் பின்நேரம் இவரோடு கூடப்பிறந்த ராத்தா, நாச்சியா மதினி, கஞ்சி கொண்டு வந்திருந்தா. இவர் கதிரையில் சாய்ந்திருந்தார். என்னைப் பார்த்து “உம்மா, மாட்டைக் கட்டியாச்சா?” என்றார். இவருடைய உம்மா, என் மாமி, மௌத்தாகிப் பதினொரு வருடம். எங்களிடம் மாடே இல்லை.

விரலைப் பிடித்துக் குத்தினேன். முப்பத்தெட்டு. எழுபதுக்குக் கீழே இறங்கினாலே ஆபத்து.

சீனியைக் கரைத்துக்கொண்டு ஓடி வந்தேன். மதினி என் கையைப் பிடித்துக்கொண்டா. “வாங்குக்கு இன்னம் இருவது நிமிசம்தானே புள்ள. முப்பத்தாறு வருசத்து நோன்புகா. பாவம் உனக்கு வரும்.”

“இருவது நிமிசத்தில மையித்தாகிருவாங்க மதினி! கைய உடுங்க! பாவத்த எனக்கே எழுதட்டும்!”

தள்ளிவிட்டேன். என்னைவிட மூத்தவ. தள்ளித்தான் விட்டேன். விழுங்கக்கூடிய நிலையில் இருந்தார். கரண்டி கரண்டியாகக் கொடுத்தேன். அம்புலன்ஸ் பெரிய வீதிக்கு ஏறும்போது எல்லாப் பள்ளியிலிருந்தும் நோன்பு திறக்கிற வாங்கு கேட்டது. நான் நோன்பு திறக்க மறந்துபோனேன்.

தெளிந்ததும் இவர் சொன்ன முதல் வார்த்தை: “என்ட நோன்ப முறிச்சிட்டாய்.”

“ஓம். முறிச்சன்.”

சுவர்ப் பக்கம் திரும்பிப் படுத்துக்கொண்டார். நடுக்கம் நஞ்சு போனதல்ல, சீனி விழுந்தது என்று டொக்டர் சொன்னார். மருந்து மாற்றம். இந்த வருடம் இனி நோன்பு வைக்கக் கூடாது.

மார்ச் 17, திங்கள்.
வீட்டுக்கு வந்தும் பேச்சில்லை. பகலில் அறைக் கதவைச் சாத்திக்கொண்டு, களவெடுத்தவர் மாதிரிச் சாப்பிடுகிறார். உயிரைக் காப்பாற்றியதற்கு நான் மன்னிப்புக் கேட்க வேண்டுமா? கேட்க மாட்டேன். மறுமையில் கேட்டால்? கேட்கட்டும், என்னிடம் பதில் இருக்கிறது. ஏழு பேரீச்சம்பழத்துக்குத்தான் பதில் இல்லை.

மார்ச் 19, புதன்.
கறிக்கு உப்புக் கூடிவிட்டது என்றாவது திட்டக்கூடாதா இந்த மனிதர்?

மார்ச் 22, சனி.
காலை பத்து மணிக்கு அபூசாலி காக்கா வந்தார். பக்கத்து வயல்காரர், இவரைப் போலவே சீனி வருத்தம், நோன்பாளி. இருவரும் முன் விறாந்தையில் இருந்து நெல் விலை கதைத்தார்கள். திடீரென்று இவர் குரல் கொடுத்தார். “மர்ஷூதா, எனக்கு ஒரு தேத்தண்ணி கொண்டா.”

ஒன்பது நாளைக்குப் பிறகு என் பெயர். ரோட்டில் போகிற வருகிறவர்கள் எல்லாருக்கும் தெரிகிற விறாந்தை. பீங்கான் தட்டால் மூடிக் கொண்டுபோய் வைத்தேன். இவர் பீங்கானை எடுத்து அப்பால் வைத்துவிட்டுக் குடித்தார்.

“எனக்கு நோன்பில்ல அபூசாலி. இவ முறிச்சிட்டா. முறிக்காட்டி நீ இன்டைக்கு என்ட கப்ருக்குத்தான் வந்திருப்பாய்.”

எனக்குக் கண் நிறைந்துவிட்டது. காட்டாமல் உள்ளே போகத் திரும்பினேன். அபூசாலி காக்கா மெல்லக் கூப்பிட்டார்.

“புள்ள, கொஞ்சம் நில்லு. எனக்கும் நாலு நாளா அஸருக்குப் பொறகு கை நடுங்குது.”