வேப்பிலை கட்டிய வாசலில் சம்பந்தியம்மா

இன்று காலை கற்றாழை மடலைக் கீறியதும் அந்தக் கசப்பு வாசனை விரலில் ஏறிக்கொண்டது. லீவுக்கு வந்திருக்கும் என் பேரன் முழங்காலில் ஒரு கொசுக்கடி. பூங்காவில் விளையாடப் போய் வாங்கி வந்தது. நம் வீட்டுக் கொசு இல்லை என்பதை உனக்கு முதலில் சொல்லிவிடுகிறேன். குளிர்ந்த தண்ணீரில் கழுவி, மடலிலிருந்து மஞ்சள் பால் வடிந்த பிறகு உள்ளே இருக்கும் சோற்றை மட்டும் எடுத்துத் தடவினேன். சொறியாதே என்று சொல்ல வாயெடுத்தால் உன் பேச்சுதான் வந்தது. "சொறிஞ்சா கொசுவுக்கு இன்னா நஷ்டம்? உனுக்குத்தான் புண்ணு."

இவன் கைக்குழந்தையாக இருந்தபோதுதான் நீ என் மானத்தைக் காப்பாற்றினாய். மகளைத் தலைப்பிரசவத்துக்கு அழைத்து வந்திருந்தேன். மணலி புதுநகரிலிருந்து குழந்தையைப் பார்க்க வந்த சம்பந்தியம்மா, அவன் கன்னத்தில் சிவந்திருந்த தடிப்புகளைத் தொட்டுப் பார்த்தார். கோபமாக ஒன்றும் சொல்லவில்லை. அடுத்த ஞாயிறும் இப்படியே இருந்தால் தாயையும் பிள்ளையையும் கூட்டிப் போய்விடுவதாக, சிரித்த முகத்தோடு சொல்லிவிட்டுப் போனார். மூன்று மாதம் வைத்துச் சீர் செய்து அனுப்ப வேண்டிய தாய்வீடு, கொசுவுக்குத் தோற்றுப் பிள்ளையைத் திருப்பிக் கொடுத்தது என்றால் அந்தப் பேச்சு என் மகளோடு காலத்துக்கும் போகும்.

காசிமேட்டில் மீன் விற்றுவிட்டு வந்த நீ, பக்கத்து வாசலில் கூடையை இறக்கி வைத்தபோதே என் முகத்தைப் பார்த்துவிட்டாய்.

"அழுதா கொசு பூடுமா? எய்ந்து வாமே கணக்குப்புள்ள, வூட்ட சுத்திப் பாக்கலாம்."

ஒரு கட்டு கீரை வாங்கினாலும் எழுதி வைப்பவள் என்பதால் எனக்கு நீ வைத்த பெயர் அது. பச்சைக் குழந்தை இருக்கும் வீட்டில் புகையே கூடாது, மேலில் எந்த எண்ணெயும் பூசக் கூடாது என்று நர்ஸ் சொல்லியிருந்தார். கொசுவத்தி போகட்டும், குளிப்பாட்டியதும் காட்டும் சாம்பிராணியை நிறுத்தத்தான் எனக்கு மனம் வரவில்லை. நொச்சி இலையையாவது போட்டுப் புகைக்கலாமா என்று கேட்டேன். சாமிக்குப் போடுகிற புகையானாலும் அது மூச்சில் போனால் புகைதான் என்றாய். அப்புறம் நமக்கு இருந்தது ஒரே வழி. கொசுவைப் பிறக்கவும் விடக் கூடாது, உள்ளே வரவும் விடக் கூடாது.

குழாயில் தண்ணீர் வராத நாளுக்குப் பிடித்து வைக்கும் டிரம்களைத் தேய்த்துக் கழுவி, வாயில் துணி கட்டினோம். ஃபிரிட்ஜுக்குப் பின்னால் இருந்த தட்டை இழுத்தால் அதில் பழைய தண்ணீர். துளசித் தொட்டியின் அடித்தட்டிலும் அப்படித்தான். மொட்டை மாடியில் நீ அடுக்கியிருந்த தெர்மாகோல் பெட்டிகளில் மழைத்தண்ணீர் நின்று, புழுக்கள் நெளிந்துகொண்டிருந்தன. "தோ பார்ரா, உன் பேரன கடிச்சதெல்லாம் நான் வளத்துகினு இருந்ததுதான்" என்று சிரித்துக்கொண்டே அத்தனையையும் கவிழ்த்தாய். கிழிந்த கொசுவலையை வெட்டி ஜன்னல்களுக்குத் தைத்தோம். தொட்டிலுக்கு மேல் புது வலை. பெரியவர்கள் காலில் மட்டும் தேங்காயெண்ணெயில் கொஞ்சம் வேப்பெண்ணெய்.

எனக்கு அதுவும் போதவில்லை. ஆத்தாளின் இலை இருக்கட்டும் என்று வாசல் நிலையில் வேப்பிலையைக் கொத்தாகக் கட்டினேன். இதற்குப் பயப்படுகிற கொசு வேப்பமரத்தில் மட்டும் எப்படி உட்காருகிறது என்று கேட்டாய். ஆனாலும் என் மனசுக்காக விட்டுவிட்டாய்.

ஞாயிற்றுக்கிழமை சம்பந்தியம்மா வந்தார். மாடிப்படியில் பாதி ஏறியவர், வேப்பிலையைப் பார்த்ததும் அப்படியே நின்றார். செருப்பைக் கழற்றிவிட்டுக் கன்னத்தில் போட்டுக்கொண்டு, "யாருக்கும்மா ஆத்தா போட்டிருக்கு?" என்றார்.

அம்மை வந்த வீடு என்று நினைத்துவிட்டார். ஆமாம் என்று ஒரு வார்த்தை சொன்னால் போதும். தலைக்குத் தண்ணீர் ஊற்றும் வரை யாரும் உள்ளே வரமாட்டார்கள், யாரையும் வெளியே கூட்டிப் போகவும் மாட்டார்கள். மகள் என்னோடேயே இருப்பாள். என் வாய் திறக்கும் முன் உன் கை என் முழங்கையைப் பிடித்தது. என் காதோடு நீ சொன்னதை இன்றும் அப்படியே சொல்வேன்.

"எங்க மாதா பேர்ல நான் பொய் சொல்லமாட்டேன். உங்க ஆத்தா பேர்ல நீ சொல்லாத."

பிறகு நீயே படியில் இறங்கி, அம்மையெல்லாம் யாருக்கும் இல்லை, கொசுவுக்காகக் கட்டியது என்று சொல்லி அவர் கையைப் பிடித்தாய். "மேல வாங்க சம்பந்தியம்மா. வெளக்கு வெக்கிற நேரம் வரிக்கும் குந்துங்க. ஒரு கொசு கொயந்தய தொட்டா, நானே ஆட்டோ புடிச்சி ஏத்தி வுடுறேன்."

அந்த நேரத்தில்தானே கொசு கூட்டமாக வரும். அவர் குழந்தையைத் திருப்பித் திருப்பிப் பார்த்தார். உடம்பில் ஒரு தடிப்பு இல்லை. ஜன்னலைச் சாத்தினோம், நான் விளக்கேற்றினேன். மூவரும் தொட்டிலையே பார்த்துக்கொண்டு உட்கார்ந்திருந்தோம். கடைசியில் ஒரே ஒரு கொசு வந்து சம்பந்தியம்மாவின் கையில் உட்கார்ந்தது. தட்டி நசுக்கிவிட்டுக் கற்றாழையைத் தடவிக்கொண்டே, "இது எங்க ஏரியா இல்லீங்க. மணலிலேர்ந்து உங்க கூடவே பஸ்ஸு ஏறி வந்துகீது" என்றாய். அவர் சிரித்த சிரிப்பில் குழந்தை விழித்துக்கொண்டது. கிளம்பும்போது என் கையைப் பிடித்து, மூணு மாசம் முடிச்சே அனுப்புங்க என்றார்.

நீ போன பிறகு உன் வாசல் பக்கமும் நான்தான் பார்க்கிறேன். உன் மருமகள் பெட்டிகளைக் கவிழ்த்து வைக்க மறந்தால் கூப்பிட்டுச் சொல்கிறேன். அவள் முணுமுணுக்கிறாள், ஆனால் செய்கிறாள்.

மகள் மறுபடி முழுகாமல் இருக்கிறாள். இரண்டாவது பிரசவம் மாமியார் வீட்டில்தான் என்பது வழக்கம். நேற்றுச் சம்பந்தியம்மா போன் செய்தார். "இதுவும் உங்க வீட்டுலயே இருக்கட்டும்மா. அங்க இருந்தா எனக்கு நிம்மதி" என்றார். அவர் வாயால் நீ கேட்க வேண்டியது அது. கல்லறைத் திருநாளுக்கு உன் பிள்ளைகளோடு வந்து மெழுகுவர்த்தி ஏற்றும்போது சொல்லலாம் என்றுதான் இருந்தேன். அதுவரை பொறுக்கவில்லை.