ஒன்பது பேருக்கு அர்ச்சனை

இஞ்சாருங்கோ,

ஒரு மாதமாக நீங்கள் மச்சம் மாமிசம் சாப்பிடாதது மகள் யாதவியின் பள்ளிச் சோதனைக்காக என்று நம்பி, நானும் விட்டிருந்தேன். இன்று காலை அட்லிஸ்வில் கோயிலில் ஐயர் கேட்கிறார்: "உங்கட மனிசன் அர்ச்சனைக்கு எழுதித் தந்த ஒன்பது அமெரிக்கப் பேருக்கும் நட்சத்திரம் என்ன, அம்மா?"

வரிசையில் நின்ற சனமெல்லாம் திரும்பிப் பார்த்தது. துண்டுக் கடதாசியை வாங்கிப் பார்த்தேன். நீங்கள் டிவியில் விடாமல் பார்க்கிற பேஸ்போல் அணி முழுவதும் இருக்கிறது, யாதவியின் பெயர் இல்லை.

வேலைக்குப் போகிறேன். சோறும் பருப்பும் அடுப்பில். வந்து கதைக்கிறேன்.

தயா

பி.கு.: மாலையில் உங்கள் அணிக்குக் கடைசி ஆட்டமாம், வென்றால்தான் அடுத்த சுற்றாம். யாதவி சொன்னாள். அவளுக்கு வைத்த கோழிக்கறியைத் தொட்டுவிடாதேங்கோ. ஆட்டம் முடியும்வரை நானும் தொடமாட்டேன்.