ஏளா என்று கூப்பிட்டார்

வெள்ளி, இரவு

அம்மா தூங்கிவிட்டாள். அப்பாவுக்குத் துறைமுகத்தில் இரவு வேலை. தெரிந்தால் போனை உடைத்துவிடுவார்.

பள்ளி விட்டு வந்து, ஆன்லைன் விளையாட்டு அணிக்கான தேர்வில் அண்ணன் பெயரில் ஆடினேன். பெண் என்றால் சேர்க்கமாட்டார்களோ என்று பயம். அணியின் முதலாளி முன்பு அமெரிக்கக் கால்பந்தில் எதிராளியை மறித்து வீழ்த்தும் தடுப்பாட்டக்காரராக இருந்தவர். ஆட்டத்தில் எங்கள் அணியின் கோட்டையைக் காப்பது என் வேலை; வாசலை விட்டு நகரவே இல்லை. “நானும் இப்படித்தான் இடத்தை விடமாட்டேன்” என்று ஆங்கிலத்தில் சொன்னார்.

மைக்கை அணைக்க மறந்திருந்தேன். அடுக்களையிலிருந்து அம்மா கத்தினாள்: “ஏளா, சட்டி கழுவ வாரியா இல்லியா?”

ஏளா என்றால் என்ன என்று முதலாளி கேட்டார். எங்கள் பக்கம் பெண்பிள்ளைகளை மட்டும்தான் அப்படிக் கூப்பிடுவார்கள். கூட ஆடிய பாளையங்கோட்டைச் செல்வத்துக்கு மட்டும் புரிந்துவிட்டது. “அது இவனோட வீட்டுப் பேர் சார்” என்று அவரிடம் ஆங்கிலத்தில் சமாளித்தான். எனக்குத் தனியாக, “பயப்படாதளா, சொல்லமாட்டேன்” என்று அனுப்பினான்.

அதன்பின் ஆட்டம் முடியும்வரை அவர் என்னை ஏளா என்றே கூப்பிட்டார். “அருமை, ஏளா!” வீட்டில் அந்தச் சொல்லுக்குப் பின்னால் எப்போதும் ஒரு வேலை வரும். அவர் இன்னொரு முறை கூப்பிட்டுக் கேட்கவேண்டும் போலிருக்கிறது.

என்னை அணிக்கு எடுத்துவிட்டார்கள். நாளை கேமராவில் முகம் காட்டவேண்டும். அண்ணனை உட்காரவைத்தால் தப்பிக்கலாம். ஆனால் அப்புறம் அவனையல்லவா அவர் ஏளா என்று கூப்பிடுவார்.