அக்காவுக்கும் தம்பிக்கும் ஆறரை மாதம்

சேரப்பணஞ்சேரி
நவம்பர் 18, செவ்வாய்

அன்பு மகள் மதிவதனிக்கு அப்பா எழுதுவது. இங்கே நானும் உன் அம்மாவும் தம்பி பரிதியும் உடம்புக்குக் குறையில்லாமல் இருக்கிறோம், மனசு எப்படி இருக்கிறது என்பதைச் சொல்லத்தான் இந்தக் கடிதம். அங்கே நீயும் மாப்பிள்ளையும் நல்லபடியாக இருக்கிறீர்களா, கால் வீக்கம் வற்றியதா, பிள்ளை வயிற்றில் நன்றாக உதைக்கிறதா என்று அம்மா கேட்கச் சொன்னாள். தினமும் போனில் பேசுகிறவன் எதற்குக் கடிதம் எழுதுகிறான் என்று நினைப்பாய். போனை எடுத்தால் உன் அம்மா ஸ்பீக்கரில் போடச் சொல்கிறாள், பரிதி பக்கத்தில் வந்து நிற்கிறான், எனக்குப் பேச்சு ஓடுவதில்லை. வக்கீல் அம்மா உனக்கு அனுப்பச் சொன்ன நகல்களோடு இதையும் சேர்த்துக் கூரியரில் வைக்கிறேன்.

முதலில் என் மானம் போன கதையைச் சொல்லிவிடுகிறேன், இல்லாவிட்டால் பரிதி முந்திக்கொள்வான். வெள்ளிக்கிழமை படப்பை ரோட்டில் மருந்துக் கடைக்கு மேல் மாடியில் இருக்கிற வக்கீல் வேல்விழியைப் பார்க்கப் போனோம். திருநெல்வேலிப் பக்கத்துப் பெண், விசா, பாஸ்போர்ட், வெளிநாட்டுக்காரர்கள் இங்கே தங்குவதற்கான அனுமதி, இதுதான் அவருக்கு வேலை. பெஞ்சில் காத்திருக்கும்போது கோட்டு போட்ட கொரியாக்காரர் ஒருவர் குடும்பத்தோடு படியேறி வந்தார். இருபத்திரண்டு வருஷம் இருங்காட்டுக்கோட்டையில் கொரியாக்காரக் கம்பெனி கேட்டில் செக்யூரிட்டியாக நின்ற கால் சும்மா இருக்குமா, தானாக எழுந்து விறைத்து ஒரு சல்யூட் அடித்துவிட்டேன். அவர் குனிந்து வணங்கினார். பெரிய மனிதர் குனிந்தால் நான் குனிய வேண்டாமா, குனிந்தேன். அவர் இன்னும் தாழக் குனிந்தார். நான் அதற்கும் கீழே போனதில் சட்டைப் பையிலிருந்து கண்ணாடி, பேனா, பீடிக்கட்டு எல்லாம் தரையில் கொட்டின, அவருடைய சின்னப் பெண்தான் பொறுக்கிக் கொடுத்தது. பீடியை விட்டுவிட்டதாக உன்னிடம் சத்தியம் செய்தது எனக்கு நினைவிருக்கிறது. அது பழைய கட்டு.

சிரித்தது போதும். நாங்கள் உன் பிரசவத்துக்கு வரப் போட்ட விசா மனுவில் கனடா ஆபீசர் ஏதோ கேள்வி கேட்டிருக்கிறார் என்று மட்டும்தான் உனக்குச் சொன்னோம். கேள்வி இதுதான். மனுவில் நீ பிறந்தது 1994 நவம்பர் 20, பரிதி பிறந்தது 1995 ஜூன் 5. இடையில் ஆறரை மாதம். ஒரே தாய்க்கு இது எப்படி, ஏழு நாளில் பதில் சொல்லுங்கள், பொய்த் தகவல் என்று தெரிந்தால் ஐந்து வருஷத்துக்கு இந்தப் பக்கமே வர முடியாது என்று எழுதியிருந்தார். இருபத்தைந்து வருஷமாக ரேஷன் கார்டுக்காரன் பார்த்தான், பாஸ்போர்ட் ஆபீஸ் பார்த்தது, பரிதியை வேலைக்கு எடுத்த கம்பெனி பார்த்தது, ஒருத்தரும் விரல் விட்டு எண்ணவில்லை. அந்த ஆபீசர் எண்ணிவிட்டார்.

செய்தது நான்தான் மதி. உன்னை ஒன்றாவதில் சேர்க்கப் போன அன்று உன் தம்பி உன் பாவாடையைப் பிடித்துக்கொண்டு விடவில்லை. அப்போதுதான் எனக்கு செக்யூரிட்டி வேலை கிடைத்திருந்தது, அம்மா செங்கல் சூளைக்குப் போய்க்கொண்டிருந்தாள், நீயும் பள்ளிக்கூடம் போய்விட்டால் நாலு வயசுப் பையனை யார் பார்த்துக்கொள்வது. ஹெட்மாஸ்டர் ஐந்து முடிந்திருக்க வேண்டும் என்றார். இன்னைக்குத்தான் சார் முடியுது, இன்னைக்குப் பொறந்த நாளு என்று அடித்துவிட்டேன். அவர் நம்பி எழுதிக்கொண்டு பையனுக்கு ஒரு ஆரஞ்சு மிட்டாய் வேறு கொடுத்தார். அன்று ஜூன் 5. உன் வயசோடு சேர்த்துக் கழித்துப் பார்க்க எனக்குத் தோன்றவில்லை, அவருக்கும் தோன்றவில்லை. அதனால்தான் பரிதிக்கு நிஜமாகப் பிறந்த மே 22-ல் வீட்டில் பாயசம், ஜூன் 5-ல் கம்பெனியில் கேக்.

மனுவைப் பூர்த்தி செய்து கொடுத்தவன் ஶ்ரீபெரும்புதூரில் ஏஜென்சி வைத்திருக்கிற சுப்பிரமணி, உனக்குத் தெரியும். கேள்வி வந்ததையே மூன்று நாள் கழித்து வியாழக்கிழமைதான் என்னைக் கூப்பிட்டுச் சொன்னான். இதுக்கு இன்னாத்துக்குண்ணே மூஞ்சி இப்டி போவுது, ஒரே ஒரு பேப்பர்ல வேல முடிஞ்சிடும் என்று முத்திரைத்தாளில் இங்கிலீஷில் அடித்து வைத்திருந்ததை நீட்டினான். கையெழுத்துப் போட்டுப் பையில் வைத்துக்கொண்டேன். அம்மா கையெழுத்தையும் வாங்கி மறுநாள் கொண்டுவரச் சொன்னான். பரிதிக்கு அவன்மேல் நம்பிக்கை இல்லை. கம்பெனி லைனில் கூட வேலை செய்கிற பையனின் விசாவைச் சரிசெய்து கொடுத்தவர் இந்த வேல்விழி, அவரிடம் ஒரு தடவை காட்டிவிடலாம் என்று நைட் ஷிப்ட் முடிந்ததும் தூங்கக்கூடப் போகாமல் என்னை வண்டியில் ஏற்றிக்கொண்டு போனான்.

எங்களுக்கு முன்னால் தென்காசிப் பக்கத்துப் பையன்கள் இரண்டு பேர், போலந்துக்கு வேலை ஆர்டர் என்று ஒரு தாளைக் கொடுத்தார்கள். தம்பி, இந்த அட்ரஸ்ல கம்பெனியே கிடையாது, டிக்கெட்டு போட்டுராதீய என்று வக்கீல் அம்மா சொல்லி அனுப்பினார், அந்தப் பையன்கள் படியில் உட்கார்ந்துவிட்டார்கள். எங்கள் பையைத் திறந்து ஒவ்வொரு தாளாகப் பார்த்துக்கொண்டே வந்தவர் முத்திரைத்தாளில் நின்றார். தமிழில் சத்தமாகப் படித்தார். இளம்பரிதி எனக்குப் பிறந்தவன் அல்ல, உறவினரிடமிருந்து தத்தெடுத்து வளர்த்த பிள்ளை. பரிதி என் பின்னால் ஹெல்மெட்டைக் கையில் வைத்துக்கொண்டு நிற்கிறான். அய்யா, இவரு யாரு என்று கேட்டார். எம் புள்ளம்மா என்றேன். அப்ப இது யாரு கையெழுத்து என்றார். ஒம்பதாவது ஃபெயிலும்மா நானு, இங்கிலீஷ்ல இன்னா எழுதிகீதுன்னு எனக்கு இன்னா தெரியும், போடுன்னான் போட்டேன் என்று சிரித்தேன். பரிதியும் சிரித்தான். அப்பாவ வுடுங்க மேடம், அது மாத்திரைச் சீட்டக்கூட தலகீழாதான் படிக்கும் என்றான்.

அப்புறம் அவன் சொன்னதைத்தான் நீ தெரிந்துகொள்ள வேண்டும். அந்தப் பேப்பரால அம்மா அக்காகிட்ட போவ முடியும்னா அதையே அனுப்புங்க மேடம், பேப்பர்லதானே நான் புள்ள இல்ல, போன தபா அக்கா ஒண்டியா ஆஸ்பத்திரில கெடந்து புள்ளய பறிகுடுத்துச்சு, இந்த தபா அம்மா கூட இருக்கணும் என்றான். வக்கீல் அம்மா உன் நிரந்தரக் குடியிருப்பு மனுவின் நகல் இருக்கிறதா என்று கேட்டு, அவன் போனில் இருந்ததை வாங்கிப் பார்த்தார். தம்பி, அக்கா இதுல உங்களக் கூடப்பொறந்த தம்பின்னு எழுதியிருக்காவ, அப்பா தத்துன்னு எழுதினா ரெண்டுல ஒண்ணு பொய்யாயிரும், அது அக்காவுக்கே வெனையா வந்து நிக்கும் என்றார். உள்ளத எழுதுனா விசா கெடைக்குமான்னு எனக்குத் தெரியாது, பொய்ய எழுதுனா என்ன ஆவும்னு தெரியும் என்றும் சொன்னார். உள்ளதை எழுதினால் பரிதி பிறந்த தேதி தப்பு என்று நானே சத்தியம் செய்து கொடுத்ததாகிவிடும், அதைத் திருத்தி வாங்கும்வரை அவன் தன் பாஸ்போர்ட்டை வைத்துப் புது விசாவுக்குப் போகக்கூடாது. ஜனவரியில் ஜப்பான் ட்ரெய்னிங்குக்கு அவன் பெயர் வந்திருந்தது உனக்குத் தெரியுமே. ஒரு நிமிஷம் மேடம் என்று வெளியே போய் சூப்பர்வைசரிடம் பேசிவிட்டு வந்தான். அடுத்த பேட்ச்ல போய்க்கிறேம்பா என்றான். நான் தரையைப் பார்த்துக்கொண்டிருந்தேன்.

திங்கட்கிழமை கெடு. பரிதியின் பிறப்புச் சான்று நாங்கள் வாங்கவே இல்லை, தேடி எடுக்க வாரக்கணக்காகும் என்றார்கள். வீட்டில் பழைய தாள் எது இருந்தாலும் கொண்டுவரச் சொன்னார். சனி, ஞாயிறு இரண்டு நாளும் பீரோவைத் தலைகீழாகக் கொட்டினோம். உன் அம்மா மட்டும் தேடாமல் சுவரோரம் உட்கார்ந்திருந்தாள். பரிதி அந்தத் தத்துப் பேப்பர் விஷயத்தைச் சிரிப்பாகச் சொல்லிவைத்தான், அவள் சிரிக்கவில்லை, எழுந்து போய்க் கல்யாணப் புடவை மடிப்பிலிருந்து ஒரு தாளை எடுத்து வந்தாள். பரிதி பிறந்த இரண்டாம் நாள் அரசு ஆஸ்பத்திரியில் அவளுக்குக் குடும்பக் கட்டுப்பாடு ஆபரேஷன் செய்தபோது கொடுத்தது. 24-5-1996, ராஜம்மா, கணவர் அப்பாவு, உயிருடன் உள்ள குழந்தைகள் இரண்டு, பெண் ஒன்றரை வயது, ஆண் இரண்டு நாள். இத போயா வெளிநாட்டு ஆபீசர் பாக்கணும் என்று நான் கூசினேன். பாக்கட்டும்யா, எம் புள்ளய எம் புள்ள இல்லன்னு எழுதறீங்களே, அதுக்கு இது மானக்கேடு இல்ல என்றாள். திங்கட்கிழமை காலை அவளையும் கூட்டிக்கொண்டு ஆபீசுக்குப் போனோம், வக்கீல் அம்மா அதை இரண்டு தடவை படித்துவிட்டு, இத்தன வருசமா எதுக்கும்மா பத்திரமா வச்சிருந்தீய என்று கேட்டார். எவ்வயித்துல கத்தி வச்சதுக்கு அது ஒண்ணுதானேம்மா ரசீது என்றாள் உன் அம்மா.

நேற்று மதியம் மொழிபெயர்ப்போடு பதில் போய்விட்டது. நான் ஹெட்மாஸ்டரிடம் சொன்ன பொய் ஆரஞ்சு மிட்டாயோடு சேர்ந்து கனடா அரசாங்கத்தின் ஃபைலில் ஏறிவிட்டது. பதில் எப்போது வரும், எப்படி வரும் என்று ஒருத்தருக்கும் தெரியாது. அம்மா பெட்டியில் பத்தியத்துக்கான மருந்துச் சாமான்களைக் கட்டி வைக்கிறாள், பிறகு எடுத்து வெளியே வைக்கிறாள், மறுபடி கட்டுகிறாள். உன்னிடம் யாராவது கேட்டால் நகலில் இருப்பதையே சொல், எங்களைக் காப்பாற்றுவதாக நினைத்து ஒரு வார்த்தை கூட்டவோ குறைக்கவோ வேண்டாம். ஒருவேளை நாங்கள் வர முடியாமல் போனால் மாப்பிள்ளையை அந்த மாதம் லாரி ஓட்டத்துக்குப் போகவேண்டாம் என்று நான் சொன்னதாகச் சொல். பனியில் படியிறங்கும்போது கைப்பிடியைப் பிடித்துக்கொள். இரும்பு மாத்திரையை மறக்காதே. மே 22-ந் தேதியைக் குறித்து வைத்துக்கொண்டு தம்பிக்கு நீயே முதலில் போன் செய். தாயும் பிள்ளையும் வேறு வேறாகி நல்லபடியாக எழுந்து உட்கார நான் கும்பிடுகிற சாமி எல்லாம் துணையிருக்கட்டும்.

இப்படிக்கு உன் அப்பா,
அப்பாவு

மதி, கூரியர் உறையை ஒட்டப் போனவன் திரும்பப் பிரித்து எழுதுகிறேன். வெள்ளிக்கிழமை வக்கீல் ஆபீசிலிருந்து வரும்போது வண்டியில் பரிதியின் முதுகுக்குப் பின்னால் ஒரகடம் சிக்னலில் இருந்து வீடு வரைக்கும் வாயைத் திறந்து திறந்து மூடினேன், சொல்ல வரவில்லை. அவனிடம் நானே சொல்லவேண்டும், நீ சொல்லிவிடாதே. சுப்பிரமணி அந்தப் பேப்பரை எனக்கு வரிக்கு வரி தமிழில் சொன்னான். கேட்டுவிட்டுத்தான் கையெழுத்துப் போட்டேன்.